ரவுட்டரில் நாலாவது ஆள்

கிங்ஸ்பரியில் கனகாம்பிகையைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றிக் குறை சொல்ல உட்கார்ந்தால், எங்கே தொடங்கினாலும் ஒரே குறையில் வந்துதான் நிற்பார்கள்: மனுசி தன் நிழலையே நம்பாதவள். கடையில் கத்தரிக்காய் நிறுக்கும்போது அவள் காயைப் பார்க்க மாட்டாள், கடைக்காரரின் சுண்டுவிரலைப் பார்ப்பாள். கடித உறை கொஞ்சம் கசங்கி வந்தால் ஒட்டிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்வாள். பள்ளிக்கூடமொன்றில் மத்தியானச் சாப்பாடு பரிமாறுவது அவள் வேலை. மற்றப் பெண்கள் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு வேலை செய்வார்கள். அவள் தன்னுடையதை ஏப்ரனுக்குள் குறுக்காக மாட்டிக்கொண்டு நிறைமாதக் கர்ப்பிணி போல நின்று உருளைக்கிழங்கு அள்ளிப் போடுவாள்.

பிறவிக்குணம் என்று சொல்லிவிட முடியாது. கல்யாணமான புதிதில் ஜெர்மனிக்குப் போய், ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஓர் அகதி விடுதியில் மூன்று வருடம் இருந்தவள். ஒன்பது குடும்பத்துக்கு ஒரு சமையலறை. இராத்திரி வைத்த பால் காலையில் இருக்காது, கேட்டால் ஒன்பது குடும்பமும் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிற மாதிரி நிற்கும். அங்கே படித்த பாடத்தை, மகளுக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்று 2001இல் லண்டனுக்கு மாறி வந்தபோதும் அவள் பெட்டியில் கட்டிக் கொண்டு வந்தாள்.

வீட்டில் நான்கு பேர். கணவன் குகநாதன், விமானச் சாப்பாடு பொதி செய்கிற இடத்தில் விடிகாலை ஷிப்ட். மகள் கோசிகா, பன்னிரண்டு வயது. மேல்மாடி அறையில் லதீசன், முப்பத்துமூன்று வயது, பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு வேலை. வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் யாரோ சொல்லிவிட, சாப்பாட்டோடு சேர்த்து அறை எடுத்தவன். அதிகம் பேசமாட்டான். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று அவன் வந்த முதல் நாளே கனகாம்பிகை மனதில் குறித்துக்கொண்டாள்.

கணவனை மட்டும் அவள் சந்தேகிப்பதில்லை. சரியாகச் சொன்னால், ஒரு சிகரெட் அளவுக்குத்தான் சந்தேகித்தாள். பின்னேரம் ஐந்தரைக்கு அவன் தோட்டத்துக் கொட்டிலுக்குள் போனால் வர ஏழரை ஆகும். அவனுடைய அக்கா வசந்தமலர் வன்னியில் போருக்குள் இருந்தாள், 2009 ஏப்ரலுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. மனுசன் ஒரு சிகரெட்டைப் பிடித்துவிட்டுப் போகட்டும் என்று கனகாம்பிகை பெருந்தன்மையாக விட்டிருந்தாள்.

ஒக்டோபர் தொடக்கத்தில் இன்டர்நெட் கொம்பனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் வீட்டில் அளவுக்கு மீறிய பாவனை, மூன்று மாதமாக இப்படி, இனியும் தொடர்ந்தால் பின்னேரங்களில் வேகத்தைக் குறைப்போம் என்று கோசிகா வாசித்துச் சொன்னாள். கனகாம்பிகைக்கு வேகம் குறைவது பற்றிக் கவலையில்லை. தன் வீட்டுக்குள் தனக்குத் தெரியாமல் ஏதோ நடக்கிறது என்பதுதான் நெஞ்சில் குத்தியது.

அதே கிழமை லதீசன் சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, தயாளினியின்ரை விசாவுக்கு ஒரு கடிதம் வேணும். அவ வந்தா இந்த வீட்டிலை இருக்க இடமிருக்கு எண்டு நீங்கள் எழுதித் தரவேணும். தவராசா அண்ணை பதினெட்டாந் திகதி ஞாயிறு கொழும்புக்குப் போறார், அவரின்ரை கையிலை குடுத்துவிட்டா தயாளினி திங்கள் கொண்டுபோய்க் குடுப்பா. அதை விட்டா அவவின்ரை திகதி போயிடும்."

தயாளினி அவன் மனைவி. கல்யாணம் முடிந்து பதினாறு மாதம், சேர்ந்து இருந்தது பத்தொன்பது நாள்.

"பாப்பம் தம்பி" என்றாள் கனகாம்பிகை. அவள் 'பாப்பம்' என்றால், முதலில் உன்னைப் பார்க்கிறேன், பிறகு கடிதத்தைப் பார்க்கிறேன் என்று அர்த்தம்.

கோசிகாவின் தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம். வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பாதி நேரம் பஸ்ஸில் போய்விடும் என்று தாய்மார் கன்ரீனிலேயே இருந்து ஊர்க்கதை அளப்பார்கள். அந்தத் தவணை, ஒரு கவுன்சிலில் கம்பியூட்டர் வேலை பார்க்கும் ஜெயகௌரி என்ற பெண், சும்மா இருக்கிற தாய்மாருக்கு இன்டர்நெட் அரிச்சுவடி சொல்லித் தர முன்வந்தாள். மற்றவர்கள் ஊரில் இருக்கும் உறவுகளோடு முகம் பார்த்துக் கதைப்பது எப்படி என்று படிக்க வந்தார்கள். கனகாம்பிகை கள்ளனைப் பிடிக்கப் படிக்க வந்தாள்.

"வெளியிலை இருந்து வீட்டுக்கு வாறது ஒரே ஒரு லைன்" என்றாள் ஜெயகௌரி. "அதை வீட்டிலை இருக்கிற எல்லா மெசினுக்கும் பிரிச்சுக் குடுக்கிறது, லைற் மினுங்குமே அந்தப் பெட்டி, அதுதான் ரவுட்டர். வயரில்லாமல் காத்திலை குடுத்தா வைஃபை. வெளி உலகத்துக்கு உங்கடை வீடு ஒரே நம்பர்தான். அதைத்தான் ஐபி முகவரி எண்டுறது."

"அப்ப உள்ளுக்கை ஆர் என்ன செய்யினம் எண்டு கொம்பனிக்குத் தெரியாதோ?"

"ஆள் ஆளாத் தெரியாது அன்ரி. இந்த வீட்டுக்கு இவ்வளவு போச்சுது எண்டுதான் தெரியும். நீங்கள் ஒண்டை இறக்கினா டவுன்லோட், நீங்கள் அனுப்பினா அப்லோட். எழுத்து எண்டால் கொஞ்சம், படம் எண்டால் கூட, வீடியோ எண்டால் அள்ளிக்கொண்டு போகும்."

கனகாம்பிகை 'வீடியோ' என்று குறிப்புக் கொப்பியில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். "உள்ளுக்கை ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாதோ?"

"ஏலும். பிரவுசரிலை, இணையப் பக்கம் பாக்கிற சன்னலிலை, மேலை 192.168.1.1 எண்டு அடிச்சா ரவுட்டரின்ரை சொந்தப் பக்கம் வரும். எந்தெந்த மெசின் எத்தினை மணியிலை இருந்து நிக்குது எண்டு அதிலை இருக்கும். பேர் இல்லாட்டியும் ஒவ்வொண்டுக்கும் மாக் முகவரி எண்டு பன்னிரண்டு எழுத்தும் இலக்கமும் கிடக்கும். அது ஃபக்டரியிலையே போட்டு வாறது. அனேகமா மெசினுக்கு அடியிலை ஒட்டியும் இருக்கும்."

"அதை மாத்த ஏலாதோ?"

"ஏலும் அன்ரி, ஆனா சாதாரண ஆக்கள் மாத்தாயினம்."

லதீசன் சாதாரண ஆளா இல்லையா என்பதுதானே கேள்வி என்று கனகாம்பிகை நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் பின்னேரம் வரவேற்பறைக் கம்பியூட்டரின் முன் உட்கார்ந்து, ஒரு விரலால் அந்த இலக்கங்களைக் குத்தினாள். ரவுட்டரின் பக்கம் வந்தது. முதலாவது, இந்தக் கம்பியூட்டர். இரண்டாவது, கோசிகாவின் ஐபொட். மூன்றாவதில் லதீசனின் பெயர் அப்படியே இருந்தது. நாலாவதுக்குப் பெயர் இல்லை, பன்னிரண்டு எழுத்துகளும் இலக்கங்களும் மட்டும். 5.38இலிருந்து நிற்கிறது. எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. அன்றிலிருந்து நான்கு நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நாலாவது ஆள் ஐந்தரைக்குப் பிறகு வருவான், ஏழரைக்கு முன்னால் போவான். அந்த இரண்டு மணித்தியாலமும் லதீசன் வேலைக்குப் போகுமுன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற நேரம். வேறு சாட்சி வேண்டுமா?

புதன்கிழமை அவன் குளிக்கப் போனதும் அவள் அறைக்குள் புகுந்தாள். மடிக்கணினியைக் குப்புறத் திருப்பி, கொப்பியை வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டாள். அது மூன்றாவது மெசின்தான், நாலாவது இல்லை. வேறொருத்தி என்றால் அத்தோடு விட்டிருப்பாள். அவன் இன்னொரு கம்பியூட்டரை எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான் என்ற முடிவோடு, கட்டிலுக்குக் கீழேயும் ஒருதரம் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். அங்கே ஒரு பெட்டியில் பெண்களுக்கான குளிர்ச்சட்டை ஒன்று, விலை ஒட்டியபடி இருந்தது. அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தாள்.

வியாழன் பின்னேரம் பொறி வைத்தாள். ரவுட்டரின் பக்கத்தில் குறிப்பிட்ட மெசினைத் தடுக்கிற இடம் இருந்தது. நாலாவது ஆளின் பன்னிரண்டையும் அதில் பதிந்து, சேமிக்கிற பொத்தானை அழுத்தினாள். யார் வந்து இன்டர்நெட் இல்லையே என்று கேட்கிறார்களோ அவர்தான் கள்ளன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் எங்கே போகும்?

ஒரு நிமிடம் ஆகவில்லை. படியில் தடதடவென்று சத்தம்.

"அக்கா, நெட் நிண்டு போச்சுது. தயாளினியோடை கதைச்சுக்கொண்டிருந்தனான். ரவுட்டரை ஏதும் தொட்டனீங்களோ?"

"தொட்டனான்!" கனகாம்பிகை எழும்பினாள். "உமக்காகத்தான் தொட்டனான். என்ன வீடியோ தம்பி இறக்குறீர்? மற்றக் கம்பியூட்டர் எங்கை?"

"என்ன மற்றக் கம்பியூட்டர்? என்னட்டை ஒண்டுதானே இருக்கு."

"எனக்குக் காது குத்தாதையும். ஐந்தரைக்கு வருது, ஏழரைக்குப் போகுது. அந்த நேரம் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறது ஆர்?"

லதீசனின் முகம் சுருங்கிப்போனது. "மனிசியோடை கதைக்கிறதுக்குக் கதவைச் சாத்தினது பிழையோ அக்கா?"

பின்வாசலில் குகநாதன் வந்து நின்றான். சப்பாத்தில் தோட்டத்து ஈரமண். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தைத் தன் பக்கத்து ஆதரவாக எடுத்துக்கொண்டு கனகாம்பிகை குரலை உயர்த்தினாள்.

"கள்ளத்தனம் செய்யிற ஆளுக்கு இந்த வீட்டிலை கடிதமும் இல்லை, ஒண்டும் இல்லை. உம்மடை மனிசி வந்து இருக்கிறதுக்கு வேறை இடம் பாரும்."

லதீசன் திரும்பிப் படியில் கால் வைத்தான். "சரி அக்கா. மாத முடிவிலை அறையை விடுறன்." மேலே போய்விட்டான். சற்று நேரத்தில் கூரைக்கு மேலே அவன் குரல் திரும்பக் கேட்டது, மிக மெதுவாக, யாரையோ தேற்றுகிற மாதிரி. கனகாம்பிகை அடுப்படிக்குப் போய்ப் பருப்பைக் கடைந்தாள். கையும் களவுமாகப் பிடித்த நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமை கன்ரீனில் அவள் தன் வெற்றியை ஜெயகௌரிக்குச் சொன்னாள். மற்றத் தாய்மாரும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்கள். கதை முடிய ஜெயகௌரி சிரிக்கவில்லை.

"அன்ரி, செற்றிங்கை மாத்திச் சேவ் பண்ணினா ரவுட்டர் ஒருக்கா நிண்டுதான் திரும்ப எழும்பும். ரெண்டு நிமிசத்துக்கு வீட்டிலை ஒருத்தருக்கும் நெட் வராது. அந்த நேரம் கதைச்சுக்கொண்டிருந்த ஆர் எண்டாலும் ஓடிவந்து கேப்பினம்."

"என்ன?"

"பிறகு அவரின்ரை கம்பியூட்டர் வேலை செய்ததோ?"

கூரைக்கு மேலே கேட்ட குரல் கனகாம்பிகைக்கு ஞாபகம் வந்தது. "ஓம்... கதைச்சுக் கேட்டது."

"அப்ப அவர் இல்லை. நீங்கள் மறிச்சது இப்பவும் மறிபட்டுத்தான் கிடக்கும். வந்து கேட்டவரை விடுங்கோ. நெட் இல்லாமல் போயும் ஒண்டும் கேக்காமல் இருக்கிற ஆளைப் பாருங்கோ."

183ஆம் நம்பர் பஸ்ஸில் மேல்தட்டில் கோசிகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் யோசித்தாள். கேட்காமல் இருக்கிற ஆள். வாசலில் ஈரமண்ணோடு நின்ற ஆள். வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கொட்டிலுக்குப் போன ஆள், சோற்றை அளைந்துவிட்டு எழும்பிய ஆள். சிகரெட் மணம் ஒரு நாளாவது வந்ததா? ஊரெல்லாம் மோப்பம் பிடிக்கிற தன் மூக்கு அதை ஏன் கவனிக்கவில்லை?

"பிள்ளை, அப்பாட்டை வேறை கம்பியூட்டர் இருக்கோ?"

கோசிகா யன்னல் பக்கம் திரும்பினாள். "அம்மா, சொல்லமாட்டன் எண்டு அப்பாவுக்கு ப்ராமிஸ் பண்ணினனான்."

வீட்டுக்கு வந்த கனகாம்பிகை கோட்டைக்கூடக் கழற்றாமல் தோட்டத்துக்கு இறங்கினாள். கொட்டில் கதவைத் திறந்தாள். குகநாதன் கவிழ்த்த வாளி ஒன்றில் உட்கார்ந்திருந்தான். மடியில் கொப்பி அளவுக்கு ஒரு சின்னக் கம்பியூட்டர். அவளைக் கண்டதும் மூடப் போனவன் மூடவில்லை.

கனகாம்பிகை கிட்டப் போனாள். கையை நீட்டி அதை வாங்கினாள். குப்புறத் திருப்பி, கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து, பன்னிரண்டு எழுத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டாள். அந்த நேரத்திலும் அவளால் அப்படிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. குகநாதன் முழங்காலில் கை வைத்துக்கொண்டு, பரிசோதனைக்கு நிற்கிறவன் போலக் காத்திருந்தான். பன்னிரண்டும் சரி.

திருப்பினாள். திரையில் முட்கம்பி வேலி. வேலிக்குப் பின்னால் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் சனம், அப்படியே நிறுத்தப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு நீண்ட பட்டியல். ஒவ்வொரு வீடியோவுக்கும் ஓர் இலக்கம், அதன் பிறகு ஒரே விதமாக 'அக்கா இல்லை', 'அக்கா இல்லை', 'அக்கா இல்லை' என்று இறங்கிக்கொண்டே போனது.

மே மாதத்தில் அவன் ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடாமல் வன்னிப் போர்ச் செய்தி ஓடும் டிவிக்கு முன்னால் இருந்ததும், கோசிகா பயந்து அழுததும், தான் பிளக்கைப் பிடுங்கி எறிந்து, "போனவை போயிட்டினம், இனி இந்த வீட்டுக்குள்ளை அந்தப் படம் ஓடக்கூடாது" என்று கத்தியதும் அவள் முன்னால் வந்து நின்றன. மனுசன் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். வீட்டுக்குள்ளே ஓட்டவில்லை.

"சனத்தை அடைச்சு வைச்சிருக்கிற முகாமுக்குள்ளை எடுத்த வீடியோ எல்லாம் ஆரோ போடுறாங்கள்" என்றான் குகநாதன். "ரெண்டு நாளிலை இல்லாமல் போயிடும். அதுதான் இறக்கி வைச்சுப் பாக்கிறனான். நிப்பாட்டி நிப்பாட்டி ஒவ்வொரு முகமாப் பாக்கவேணும்."

"அந்தப் பொடியனை நான் கள்ளன் எண்டு பேசேக்கை நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

"ஓம். வாய் திறந்தா இதையும் நிப்பாட்டுவீர் எண்டு பயந்திட்டன்." அவன் தலையைக் குனிந்தான். "ஆனா கடிதம் நான் நேற்றுக் குடுத்திட்டன். கோசிகா இங்கிலீசிலை அடிச்சுத் தந்தவள், நான் கையெழுத்து வைச்சன். வீடு ரெண்டு பேரின்ரை பேரிலையும்தானே."

கனகாம்பிகை கொப்பியைக் கைப்பைக்குள் போட்டாள். அவள் பயந்தது சரிதான். வீட்டிலிருக்கிற எல்லோரும் அவளுக்கு ஒளித்துத்தான் வாழ்ந்திருக்கிறார்கள், மகள் உட்பட. யாரும் எதையும் களவெடுக்கவில்லை. அவளுக்குப் பயந்து நல்ல காரியத்தைக்கூடக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்ச் செய்திருக்கிறார்கள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, கோபம் வருமென்று பார்த்தாள், வரவில்லை.

நேரே மேல்மாடிக்குப் போனாள். லதீசன் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தான். புத்தகங்களும் பாத்திரங்களும் ஒரு பெட்டியில் பாதி அடுக்கியிருந்தன.

"தம்பி, நான் பிழை விட்டிட்டன். அது நீர் இல்லை. உம்மடை அறைக்குள்ளையும் வந்து தேடினனான்."

"தெரியும் அக்கா. குளிர்ச்சட்டைப் பெட்டி திருப்பி வைச்சிருந்தது." அவன் சிரிக்க முயன்றான், முடியவில்லை. "அண்ணை தந்த கடிதத்திலை இந்த வீடு எண்டுதான் கிடக்கு. நாளைக்கு விடிய அதைத் தவராசா அண்ணையிட்டைக் குடுக்கவேணும். தயாளினி வந்தா இஞ்சை இருக்கலாமோ? இல்லாட்டி இப்பவே சொல்லுங்கோ, பொய்க் கடிதம் நான் அனுப்பேலாது."

"கடிதத்தைத் தாரும்."

அவன் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். அவளும் அதை ஒரு வரி விடாமல் வாசித்துவிட்டுத்தான் கட்டிலில் வைத்துக் கணவனின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டாள். "பெட்டியைக் குலையும். அவ வரட்டும்."

கீழே இறங்கி, ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, தான் போட்ட தடையை எடுத்தாள். ரவுட்டர் நின்று எழும்புகிற இரண்டு நிமிடமும் பொறுத்திருந்தாள். பிறகு தோட்டத்துக்குப் போய், குகநாதனை வாளியிலிருந்து எழுப்பி, சின்னக் கம்பியூட்டரையும் அவனையும் வரவேற்பறைக்குக் கூட்டி வந்து மேசையில் இருத்தினாள்.

"எத்தினை பாத்திட்டீங்கள்?"

"இருநூற்றுப் பதினெட்டு. இன்னும் முப்பது, நாப்பது வரையிலை இறக்கிக் கிடக்கு. இருநூற்றுப் பத்தொன்பதைப் போடட்டோ?"

அவள் கதிரையை இழுத்து அவன் தோளோடு தோள் முட்ட உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டாள்.

"முகத்தையே பாத்துக்கொண்டிருந்தா பிடிபடாது. ஆறு மாசத்திலை முகம் உருக்குலைஞ்சு போயிருக்கும். வசந்தமலர் மச்சாள் வலது காலைச் சாய்ச்சு வைக்கிறவ, சனத்துக்கை நிண்டா சேலையை இடது கையாலை இழுத்துப் பிடிக்கிறவ. நீங்கள் அதுகளைப் பாத்திருக்கமாட்டீங்கள்."

"அப்ப?"

"நீங்கள் பாத்ததிலை எனக்கு நம்பிக்கையில்லை" என்றாள் கனகாம்பிகை. "முதலாவதிலை இருந்து போடுங்கோ."